திரையில் ‘7’ காட்டினால் நம்பிவிடலாமா?

*தொழிற்சாலைக் கழிவுநீர், இறால் குளம், வீட்டில் பார்க்கும் இரத்தச் சர்க்கரை. மூன்றிலும் முடிவைச் சொல்வது ஒரு சிறிய மின்வேதி உணரி. அதைக் கழுவவும் காக்கவும் நமக்குத் தெரியுமா?*

சிம்பாங் அம்பாட் என்றால் நாற்சந்தி. பெயருக்கேற்ப, இங்கிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தொழில் கண்ணில் படும். வடக்கே புக்கிட் மின்யாக் தொழிற்பேட்டை. மேற்கே புக்கிட் தம்புன் கடலோரமும், இரண்டாவது பினாங்குப் பாலம் வந்த பிறகு வேகமாக வளர்ந்த பத்து காவானும். தெற்கே சுங்கை பாக்காப், நிபோங் திபால் பக்கம் போனால் செம்பனைத் தோட்டங்கள், கடலை ஒட்டி இறால் குளங்கள்.

சில்லுக்கு முலாம் பூசும் ஆலை, எண்ணெய் ஆலை, இறால் குளம் ஆகியவற்றுக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லை என்று தோன்றும். ஆனால் மூன்றிலும் ஒரே கருவி வேலை செய்கிறது. பேனா நீளத்தில் ஒரு குச்சி. அதன் நுனியில் பட்டாணி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குமிழ். அதுதான் பி.எச். மின்வாய். தண்ணீர் அமிலமா, காரமா, நடுநிலையா என்பதை எண்ணாகச் சொல்லும் உணரி அது. தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் லிட்மஸ் தாளைத் தொட்டு நிறம் பார்த்தோமே, அதே வேலையை மின்சாரத்தால் செய்கிறது.

இந்தக் கருவியிடம் ஒரு விநோதம் உண்டு. மின்வாயின் கம்பி இணைப்புக்குள் ஈரம் புகுந்து மின்சுற்று குறுகிவிட்டால், திரை அணைந்துபோவதில்லை. ‘கோளாறு’ என்று எழுதிக் காட்ட வேண்டும் என்பதும் இல்லை. எந்தத் தண்ணீரில் வைத்தாலும் 7 என்ற எண்ணையே ஒட்டிக் காட்டிக்கொண்டிருக்கும். 7 என்றால் நடுநிலை. எல்லாரும் பார்க்க விரும்பும் எண். பழுதான கருவி நல்ல செய்தி சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

கோலா ஜூரு நினைவிருக்கிறதா?

சிம்பாங் அம்பாட்டுக்கு வடக்கே ஜூரு ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ளது கோலா ஜூரு மீனவர் கிராமம். பிறை தொழிற்பேட்டை வளர்ந்த காலத்தில், 1970-களில், ஆற்றில் கலந்த கழிவு அந்தக் கிராமத்தின் பிழைப்பைக் கெடுத்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அந்த மீனவர்களின் பக்கம் நின்றது. தமிழ் முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் நீண்ட காலம் தலைமை தாங்கிய சங்கம் அது. கோலா ஜூருவின் போராட்டத்தை 1976-இல் ஒரு நூலாகவே வெளியிட்டது. மீன்பிடிப்பு குலைந்த மீனவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து கெராங் வளர்ப்பிலும் இறங்கினார்கள்.

அன்று அந்த மக்களிடம் இருந்த சான்றுகள் மூக்கும் கண்ணும்தான். நாற்றம் அடிக்கிறது, தண்ணீர் நிறம் மாறிவிட்டது, மீன் செத்து மிதக்கிறது என்றார்கள். பிறகு சட்டம் வந்து, இவற்றை எண்களாக மாற்றியது. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் இப்போது நடப்பில் இருக்கும் 2009-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகள், வெளியேற்றும் நீரின் பி.எச். எவ்வளவு இருக்கலாம் என்று வரையறுக்கின்றன. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்பகுதியில் விடுவதானால் 6.0 முதல் 9.0 வரை, மற்ற இடங்களில் 5.5 முதல் 9.0 வரை. சுற்றுச்சூழல் துறை ஆறுகளுக்குப் போடும் நீர்த்தரக் குறியீட்டிலும் ஆறு அளவைகள் உண்டு. அவற்றில் பி.எச். ஒன்று, தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் இன்னொன்று.

எண் வந்தது நல்லதுதான். நாற்றத்தை மறுக்கலாம், எண்ணை மறுப்பது கடினம். ஆனால் அந்த எண்ணைத் தரும் குமிழ் அழுக்காக இருந்தால்? சட்டமும் அறிக்கையும் சரியாக இருக்கும். ஆற்று நீர் மட்டும் வேறாக இருக்கும்.

குமிழுக்குள் நடப்பது என்ன?

பி.எச். என்ற அளவுகோலை 1909-இல் உருவாக்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சன். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுபான நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அதே ஆண்டில் ஃபிரிட்ஸ் ஹேபரும் கிளெமென்சியேவிச்சும் கண்ணாடிக் குமிழால் அமிலத்தன்மையை அளக்க முடியும் என்று காட்டினார்கள். அதை மேசையில் வைத்துப் பயன்படுத்தும் கருவியாக்கியவர் அமெரிக்கரான ஆர்னால்டு பெக்மன். 1934-இல் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்கத் திணறிக்கொண்டிருந்த நண்பர் ஒருவருக்காக அதைச் செய்தார். சாற்றில் சேர்த்திருந்த கந்தக டை ஆக்சைடு, நிறம் மாறும் தாள்களை வெளுக்கச் செய்ததுதான் அந்த நண்பரின் தலைவலி.

குமிழின் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி அன்று. மிக மெல்லியது. ஈரத்தில் இருக்கும்போது அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஈரப்படலம் உருவாகிறது. தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அயனிகள் அந்தப் படலத்தோடு கொடுக்கல் வாங்கல் நடத்தும்போது ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு பி.எச். அலகுக்கு 59.16 மில்லிவோல்ட். இதை ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு துணை மின்வாய் வேண்டும். அது பொட்டாசியம் குளோரைடு கரைசலில் மூழ்கிய வெள்ளிக் கம்பி. இரண்டும் ஒரே குச்சிக்குள் அடங்கியிருக்கின்றன. உள்ளே இருக்கும் உப்புக் கரைசல் ஒரு நுண்துளை அடைப்பு வழியாக மிக மெதுவாக வெளியே கசிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தக் கசிவு நின்றால் அளவீடும் கெட்டுப்போகும்.

ஆக, மூன்று இடங்களைக் காப்பாற்றினால் போதும்: கண்ணாடியின் ஈரப்படலம், நுண்துளை அடைப்பு, கம்பி இணைப்பு. பராமரிப்பு எனப்படுவது இந்த மூன்றையும் சுற்றித்தான்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். பி.எச். எண்கள் பத்து மடங்காகத் தாவுபவை. 6-க்கும் 5-க்கும் இடையே ஓர் அலகுதான். ஆனால் அமிலத்தன்மை பத்து மடங்கு. திரையில் வெறும் 0.3 வித்தியாசம் என்றால், ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்று பொருள்.

முதுமை எல்லாவற்றையும் 7-க்கு இழுக்கும்

மின்வாய்க்கு ஆயுள் உண்டு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஓரிரண்டு ஆண்டுகள், சில நேரம் அதற்கு மேலும் உழைக்கும். கடுங்காரமும் கடுஞ்சூடும் பட்டால் அதற்கு முன்பே தேய்ந்துவிடும். தேயத் தேய, ஓர் அலகுக்கு 59 மில்லிவோல்ட் தர வேண்டிய இடத்தில் 50 தரும், பிறகு 40 தரும். இதைத்தான் ஆய்வுக்கூடத்தில் ‘ஸ்லோப்’ என்கிறார்கள். தமிழில் சரிவு என்று சொல்லலாம்.

சரிவு குறைந்தால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சரிவு 70 விழுக்காடாகக் குறைந்துவிட்ட மின்வாயை, அளவுத்திருத்தம் எதுவும் செய்யாமல், பி.எச். 5.0 உள்ள கழிவுநீரில் வைக்கிறோம். 7-க்குக் கீழே 2 அலகு காட்ட வேண்டியது, அதில் 70 விழுக்காட்டை, அதாவது 1.4 அலகை மட்டும் காட்டும். திரையில் 5.6. சட்டம் சொல்லும் கீழ் எல்லை 5.5. உண்மையில் எல்லையை மீறிய தண்ணீர், திரையில் தப்பித்துவிடுகிறது. காரப் பக்கத்திலும் இதே கதைதான். மெய்யான 9.5, இந்த மின்வாயில் 8.75 ஆகிவிடும்.

கவனியுங்கள்: தவறு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகவில்லை. எப்போதும் 7-ஐ நோக்கியே, நமக்குச் சாதகமான பக்கமே போகிறது. யாரும் ஏமாற்ற நினைக்க வேண்டியதில்லை. கருவியைக் கவனிக்காமல் விட்டாலே போதும், அறிக்கை அழகாக வந்துவிடும்.

அழுக்குப் படிந்த மின்வாய் வேறு விதத்தில் கெடுக்கிறது. முலாம் பூசும் ஆலையின் கழிவுநீரில் செம்பு, நிக்கல் போன்ற உலோகங்கள் கரைந்திருக்கும். சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ சேர்த்து பி.எச். அளவை உயர்த்தினால் அவை கசடாகப் பிரிந்து அடியில் தங்கும். ஒவ்வோர் உலோகத்துக்கும் அதற்கேற்ற பி.எச். வரம்பு உண்டு. அந்த வரம்பைப் பிடிப்பது தானியங்கிக் குழாய். அதற்கு உத்தரவு போடுவது மின்வாய். அழுக்குப் படிந்த மின்வாய் மெதுவாகத்தான் உணரும். அது ‘போதும்’ என்று சொல்வதற்குள் தேவைக்கு மேல் மருந்து கொட்டியிருக்கும். பிறகு அதைச் சரிக்கட்ட அமிலம். இப்படி மேலும் கீழும் ஆடும்போது, உலோகம் முழுதும் பிரியாமல் தண்ணீரோடு வெளியேற வழி ஏற்படுகிறது. அந்த மின்வாயில் படியும் அழுக்கு எது தெரியுமா? பெரும்பாலும் அதே சுண்ணாம்பும் அதே உலோகக் கசடும்தான். தண்ணீரைச் சுத்தம் செய்யும் வேலையே கருவியை அழுக்காக்குகிறது. அதனால் அடிக்கடி கழுவுவது தவிர்க்க முடியாத வேலை.

எந்த அழுக்குக்கு எந்த மருந்து?

முதலில் அன்றாடப் பழக்கம். ஒவ்வொரு முறை அளந்த பிறகும் காய்ச்சி வடித்த நீரால் மின்வாயை அலச வேண்டும். ஒட்டியிருக்கும் துளியை மெல்லிய டிஸ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்துத் துடைக்கக் கூடாது. தேய்த்தால் ஈரப்படலம் சேதமாவதோடு, நிலைமின்சாரமும் ஏறி எண் அலைபாயும்.

வேலை முடிந்ததும் மூடியில் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல் ஊற்றி, நுனி அதில் நனையும்படி வைக்க வேண்டும். கடையில் வாங்கும் சேமிப்புக் கரைசலும் ஆகும். ஆய்வுக்கூடத்திலேயே தயாரிப்பதானால் 1 லிட்டர் கரைசலுக்கு ஏறத்தாழ 224 கிராம் தூய உப்பு. காய்ச்சி வடித்த நீர் சுத்தமானதுதானே என்று அதில் ஊறவைப்பது பலர் செய்யும் தவறு. அலசுவதற்கு அது நல்லது, ஊறவைப்பதற்குக் கெடுதி. உள்ளே இருக்கும் உப்பை அது இழுத்துவிடும். அவசரத்துக்கு எதுவுமே இல்லையென்றால் அதைவிடக் குழாய்த் தண்ணீர் மேல்.

மூடியைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் பயப்பட வேண்டாம். அது கசிந்து காய்ந்த பொட்டாசியம் குளோரைடு. அலசினால் போய்விடும். காய்ந்துபோன மின்வாயைத் தூக்கி எறிய வேண்டியதும் இல்லை. சேமிப்புக் கரைசலில் ஓர் இரவு ஊறவிட்டுப் பாருங்கள். பல நேரம் உயிர் பெற்றுவிடும். குமிழுக்குள் காற்றுக் குமிழி தெரிந்தால், பழைய காய்ச்சல்மானியை உதறுவதுபோல் மெல்ல உதறினால் மேலேறிவிடும்.

அழுக்கு படிந்தே விட்டதென்றால், என்ன அழுக்கு என்று கண்டுபிடித்த பிறகே கழுவ வேண்டும்.

• சுண்ணாம்பு, உலோகக் கசடு: 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 15 நிமிடம் வரை ஊறவைக்கலாம்.

• எண்ணெய், பிசுக்கு: செம்பனை ஆலையிலும் உணவு ஆலையிலும் இதுதான் எதிரி. வெதுவெதுப்பான நீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஊறவைத்து, நன்றாக அலச வேண்டும்.

• புரதம்: பால், இரத்தம், மீன், இறால் கழிவு, ரப்பர் பால் ஆகியவற்றில் புரதம் உண்டு. அது கண்ணாடியில் ஒட்டினால் சோப்புக்கு அசையாது. நம் வயிற்றில் இறைச்சியைச் செரிக்க வைக்கும் பெப்சின் என்னும் நொதியை நீர்த்த அமிலத்தில் கலந்த கரைசல் கடைகளில் கிடைக்கிறது. அதில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் புரதம் கரைந்துவிடும்.

• நுண்துளை அடைப்பு கறுத்திருந்தால்: சல்பைடு உள்ள கழிவுநீர் உள்ளே உள்ள வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கிய வெள்ளி சல்பைடு அது. அதற்கென்றே தயோயூரியா கரைசல் விற்கிறார்கள்.

• பாசி, வழவழப்பான நுண்ணுயிர்ப் படலம்: நன்றாக நீர்த்த குளோரின் வெளுப்பானில் சிறிது நேரம் வைத்தால் போதும்.

எந்தக் கழுவலுக்குப் பிறகும் ஒரு மணி நேரமாவது சேமிப்புக் கரைசலில் ஓய்வு கொடுத்து, பின்னர் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. வெளுப்பானும் அமிலமும் ஒருபோதும் சந்திக்கக் கூடாது. நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். ஒன்றுக்குப் பிறகு மற்றதைப் பயன்படுத்துவதானால் நடுவில் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள்.

கருவிக்கும் ஒரு தேர்வு

அளவுத்திருத்தம் என்பது கருவிக்கு நாம் வைக்கும் தேர்வு. விடை தெரிந்த கேள்வியைக் கேட்கிறோம். பி.எச். 7.00, 4.01, 10.01 என்று தயாரித்து விற்கப்படும் தாங்கல் கரைசல்களில் மின்வாயை வைத்து, அது என்ன சொல்கிறது என்று பார்க்கிறோம்.

7-க்கான கரைசலில் 0 மில்லிவோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 30-க்கு மேல் விலகினால் கவனம் தேவை. 7-இலிருந்து 4-க்கு மாற்றும்போது 25 டிகிரியில் ஏறத்தாழ 177 மில்லிவோல்ட் வித்தியாசம் வர வேண்டும். 150-தான் வந்தால் சரிவு 85 விழுக்காடு. 95-க்கு மேல் இருந்தால் நலம். 90-க்குக் கீழே இறங்கினால் கழுவிப் பார்க்க வேண்டும். கழுவியும் 85-ஐத் தாண்டவில்லை என்றால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. எல்லாக் கரைசலிலும் ஒரே எண் வந்தால் கண்ணாடி விரிசல் விட்டிருக்கலாம், அல்லது இணைப்பில் ஈரம் புகுந்திருக்கலாம். தொடக்கத்தில் சொன்ன ‘நிரந்தர 7’-ஐப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு குறிப்பு. குளிர்சாதனம் இல்லாத கொட்டகையில் வெப்பம் 30 டிகிரியைத் தொடும். அந்த வெப்பத்தில் 10.01 கரைசலின் உண்மையான அளவு 9.97. புட்டியின் முதுகில் வெப்ப அட்டவணை அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்தே எண்ணை ஏற்றுங்கள். இந்தக் காரக் கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித் தானாகவே பலமிழக்கும். அதனால் திறந்து வைத்ததைப் பயன்படுத்தக் கூடாது. ஊற்றியதை மீண்டும் புட்டியில் கொட்டுவது கூடவே கூடாது. ஒரு கோப்பைக் கரைசலை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு புட்டியையே பாழாக்கிவிடுவோம்.

இறால் குளத்தில் விடியற்காலை

இனி குளக்கரைக்கு வருவோம். இறால் வளர்ப்பில் பி.எச். 7.5 முதல் 8.5 வரையும், கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமலும் இருப்பது நல்லது என்பது பொதுவான வழிகாட்டுதல். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைக் கொடுக்கும்; பி.எச். ஏறும். இரவில் பாசியும் இறாலும் சேறும் சேர்ந்து ஆக்சிஜனை உண்ணும். விடிவதற்குச் சற்று முன்புதான் அது மிகவும் குறைந்திருக்கும். ஒரு குளத்தின் விதி முடிவாகும் நேரம் அது.

பி.எச். ஏன் முக்கியம்? தீவனமும் கழிவும் அழுகி அம்மோனியா உண்டாகிறது. அதில் நஞ்சான பகுதி எவ்வளவு என்பதை முடிவு செய்வது பி.எச். தான். 30 டிகிரி வெப்பத்தில், நன்னீர்க் கணக்கில், பி.எச். 7-இல் மொத்த அம்மோனியாவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே நஞ்சு வடிவில் இருக்கும். 8-இல் ஏறத்தாழ 7 விழுக்காடு. 9-இல் 40 விழுக்காட்டைத் தாண்டிவிடும். 9-ஐ 8.4 என்று காட்டும் தேய்ந்த மின்வாயை நம்பினால், வேளை பார்த்துத் தண்ணீர் மாற்ற வேண்டியவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

கரைந்த ஆக்சிஜனை அளக்கும் மின்வேதி உணரியை 1956-இல் உலகுக்கு அறிவித்தவர் அமெரிக்கரான லேலண்ட் கிளார்க். இரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க அவர் செய்த கருவி இன்று குளம் வரை வந்துவிட்டது. அதன் நுனியில் மெல்லிய சவ்வு. சவ்வைக் கடந்து வரும் ஆக்சிஜன் உள்ளே மின்வாயில் வினைபுரிந்து மின்னோட்டமாகிறது. அளக்கும்போதே அது ஆக்சிஜனைச் சிறிதளவு உண்கிறது. அதனால்தான் தண்ணீர் அசைந்துகொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள்.

குளத்திலேயே தொங்கும் உணரியில் சில நாள்களிலேயே பாசியும் சேறும் படியும். படிந்த அழுக்கு ஆக்சிஜன் உள்ளே போவதைத் தடுத்தால் எண் குறைந்து காட்டும். துடுப்புச் சக்கரங்கள் தேவையில்லாமல் சுற்றி மின்கட்டணம் ஏறும். படிந்தது பாசியாக இருந்தால் பகலில் அதுவே ஆக்சிஜன் வெளியிட்டு எண்ணைக் கூட்டியும் காட்டும். ஈரத் துணியால் மென்மையாகத் துடைப்பது, சவ்வுக்கு அடியில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பார்ப்பது, சவ்வு சுருங்கினாலோ கிழிந்தாலோ உள்ளிருக்கும் கரைசலோடு சேர்த்து மாற்றுவது ஆகியவை அடிப்படை. ஈரமான காற்றில் வைத்தால் 100 விழுக்காடு காட்ட வேண்டும். சோடியம் சல்ஃபைட் கரைத்த நீரில் ஆக்சிஜன் இருக்காது என்பதால் சுழியத்தைத் தொட வேண்டும். இப்போது ஒளியால் அளக்கும் புதுவகை உணரிகள் வந்திருக்கின்றன. அவற்றுக்குக் கரைசல் மாற்றும் வேலை இல்லை. ஆனால் பாசி அவற்றையும் விடாது.

நம் வீட்டு மேசையிலும் ஓர் உணரி

தொழிற்சாலைக் கதை நமக்கெதற்கு என்று நினைப்பவர்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். 2023-ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. ஆறு பேரில் ஒருவர். பாட்டிக்கோ அப்பாவுக்கோ சர்க்கரை பார்க்கும் சிறு கருவி இல்லாத வீடு நம்மிடையே குறைவு. அதில் செருகும் பட்டையும் ஒரு மின்வேதி உணரிதான். பட்டையில் உள்ள நொதி இரத்தத்துச் சர்க்கரையோடு வினைபுரிய, பிறக்கும் மின்னோட்டத்தைக் கருவி எண்ணாக்குகிறது.

இந்த உணரியைக் கழுவ முடியாது. ஒருமுறை பயன்படுத்தி எறிவது. அதனால் பராமரிப்பு என்பது இங்கே பட்டையை ஈரத்திலிருந்தும் சூட்டிலிருந்தும் காப்பது. பட்டை வந்த புட்டியிலேயே அதை வைத்து, எடுத்தவுடன் மூடியை அழுத்தி மூட வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் நொதியைக் கெடுத்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு வரக் கூடாது. காலாவதி தேதியைப் பார்க்க வேண்டும்.

கழுவ வேண்டியது விரலை. மாம்பழமோ ஆரஞ்சோ உரித்த கையோடு குத்திப் பார்த்தால், தோலில் ஒட்டிய பழச் சர்க்கரையும் சேர்ந்து எண் கண்டபடி ஏறும். ஆல்கஹால் பஞ்சால் துடைப்பது மட்டும் இதற்குப் போதாது. தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகே குத்த வேண்டும். ஈர விரலும் ஆகாது. இரத்தத்தை அது நீர்க்கச் செய்யும்.

சரியாகப் பயன்படுத்தினாலும் இந்தக் கருவிகளுக்கு அனைத்துலகத் தரநிர்ணயம் 15 விழுக்காடு வரை விலகலை அனுமதிக்கிறது. உண்மையில் 7.0 மில்லிமோல் இருந்தால் 6-ஆகவும் காட்டலாம், 8-ஆகவும் காட்டலாம். எதிர்பாராத எண் வந்தால் கையைக் கழுவிப் புதிய பட்டையில் இன்னொரு முறை பாருங்கள். கருவியோடு விற்கும் கட்டுப்பாட்டுக் கரைசலில் ஒரு துளி விட்டுச் சோதிப்பது, ஆய்வுக்கூடத்தின் அளவுத்திருத்தத்துக்கு ஈடான வேலை. உடம்பு வியர்த்து நடுங்கும்போது கருவி ‘நலம்’ என்று சொன்னால், கருவியை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம். மருத்துவரை நாடுங்கள். மருந்தின் அளவையும் அவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

பதிவேட்டில் இரண்டு வரி

புக்கிட் மின்யாக், பத்து காவான் வட்டாரத்தில் வேலை தேடும் நம் இளைஞர்கள் இந்தத் துறையைச் சற்றே கவனிக்கலாம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பைத் தகுதி பெற்ற நபர்தான் மேற்பார்வையிட வேண்டும் என்று 2009 விதிமுறைகள் சொல்கின்றன. அதற்கான பயிற்சியையும் சான்றிதழையும் மலேசியச் சுற்றுச்சூழல் பயிற்சிக் கழகமான எய்மாஸ் வழங்குகிறது. வேதியியல் பட்டதாரிகளுக்கு 1975-ஆம் ஆண்டு வேதியியலாளர் சட்டத்தின்கீழ் மலேசிய வேதியியல் கழகத்தில் பதிந்துகொள்ளும் வழி உண்டு. ஐ.எஸ்.ஓ. 17025 தரச்சான்று பெற்ற ஆய்வுக்கூடங்களில், ஒவ்வொரு கருவியும் எப்போது சோதிக்கப்பட்டது என்பதற்குப் பதிவு இருந்தே ஆக வேண்டும்.

ஆனால் இந்த வேலையின் மதிப்பு சான்றிதழில் மட்டும் இல்லை. மின்வாயைக் கழுவுவது பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர் தலையில் விழும் வேலை. யாரும் பாராட்டுவதில்லை, அவசரம் என்றால் முதலில் தவிர்க்கப்படுவதும் அதுதான். அந்த இளைஞர் எழுத வேண்டியது இரண்டே வரி: இன்று சரிவு எவ்வளவு, 7-இல் எத்தனை மில்லிவோல்ட். நாள்தோறும் எழுதி வந்தால், மின்வாய் தேய்வது வாரக்கணக்கில் முன்பே தெரியும். ஆற்றில் மீன் மிதந்த பிறகு தெரிய வேண்டியதில்லை.

கோலா ஜூருவின் மீனவர்கள் தங்கள் மூக்கையும் கண்ணையும் நம்பிப் பேசினார்கள். அவர்களின் பேச்சு சபை ஏறப் பல ஆண்டுகள் ஆயின. இன்று அவர்களுக்காகப் பேசுவது ஒரு கண்ணாடிக் குமிழ். அலசி, ஒற்றி, மூடியில் கரைசல் ஊற்றி வைக்க ஐந்து நிமிடம் ஆகும். உங்கள் வேலையிடத்தில் அந்த ஐந்து நிமிடம் யாருடைய பொறுப்பு என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள். யாருக்கும் தெரியவில்லை என்றால், அங்கே திரையில் தெரியும் 7-ஐ உடனே ஒரு தாங்கல் கரைசலில் வைத்துச் சோதிப்பது நல்லது.